ஆறு போட்ட நடுவர்

ரத்தம் எடுப்பது என் தொழில். சித்தூரில் ஆஸ்பத்திரிகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு சின்ன லேப். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து ஊசி போடுவேன். பயந்த முகங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்வேன். பயம் என்பது ஊசிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு வருகிற ஒன்று என்றே நினைத்திருந்தேன். ஒரு கவிதைப் போட்டிக்குப் போய்வந்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

கவிதைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எங்கள் லேபில் ரிசப்ஷனில் இருக்கும் அக்காதான் என்னை அழைத்துப் போனார். என்னைவிட வயதில் மூத்தவர், தெலுங்குக்காரர், தாய்வீடு திருப்பதி. என்னைச் 'செல்லி' என்று கூப்பிடுவார். தெலுங்கில் தங்கை. எங்களுக்குள் பேச்சு எப்போதும் தெலுங்கில்தான். இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன்.

"எங்க தெருப் பையன் ஒருத்தன் இந்தியா டீம்ல இருக்கான் செல்லி. கிரிக்கெட் இல்ல, கவிதை. பல நாட்டுக்காரங்க வந்திருக்காங்களாம். ஞாயித்துக்கிழமை திருப்பதியிலேயே ஃபைனல். எங்க அம்மா வீட்டுக்குப் பாஸ் கொடுத்துட்டுப் போயிருக்கான். நீயும் வா, சாயங்காலம் திரும்பிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் துணி துவைப்பதைவிட அது பரவாயில்லை என்று தோன்றியது. மகளைக் கணவரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். அவர் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். சீசன் முடிந்திருந்ததால் ஞாயிறு வீட்டில் இருந்தார். பஸ்ஸில் மொட்டை போடப் போகிற ஒரு பெரிய குடும்பம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. சந்திரகிரி தாண்டும்வரை அக்கா அந்தப் பையனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அவன் அம்மா திருப்பதி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பூக் கட்டி விற்பவர். அவன் மொபைலில் போடும் கவிதை வீடியோக்களை ஊரே பார்க்கிறதாம்.

கல்லூரி அரங்கு அது. உள்ளே நுழைந்தால் கவிதைக்கு வந்த கூட்டம் மாதிரியே இல்லை. கொடிகள், விசில்கள், கன்னத்தில் மூவர்ணம் பூசிய மாணவர்கள். மேடைக்கு மேலே பெரிய திரை. தொகுத்து வழங்கியவர் ஹைதராபாத்திலிருந்து வந்திருந்த ஒரு இளம்பெண். அவர் விதிகளைச் சொன்னார். மனப்பாடமாகச் சொல்ல வேண்டும், கையில் காகிதம் கூடாது. மூன்று நிமிடம்தான். யாரும் எந்த மொழியிலும் சொல்லலாம், திரையில் ஆங்கிலத்தில் அர்த்தம் ஓடும். இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தபோதுதான் அடுத்த விதியைச் சொன்னார். நடுவர்களாகப் பெரிய கவிஞர்கள் யாரும் உட்கார மாட்டார்கள். பார்க்க வந்தவர்களிலிருந்தே ஐந்து பேரைப் பிடித்து உட்காரவைப்பார்கள். இந்த மாதிரி மேடைக் கவிதைப் போட்டிக்கு ஸ்லாம் என்று பெயராம், உலகம் முழுக்க அப்படித்தானாம்.

நாலு பேரைப் பிடித்துவிட்டார். ஒரு எல்ஐசி ஏஜென்ட், இரண்டு மாணவர்கள், ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியை. பிறகு மைக்கோடு எங்கள் வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஃபைனலில் தெலுங்கும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. ரெண்டும் நல்லாத் தெரிஞ்சவங்க யாராவது?"

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினார்.

"இவளுக்கு ரெண்டும் வரும்! கவிதைன்னா என்னன்னே தெரியாது! இவதான் சரி!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கையைப் பின்னால் இழுத்தேன். அதற்குள் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் வரிசையிலிருந்து எழுந்து முன்வரிசைக்கு நடந்தபோதே புடவை முந்தானை வியர்வையில் ஒட்டியது. பத்துக்கு எத்தனை என்று எழுதிக் காட்ட, கையில் ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கரும் கொடுத்தார்கள். நாற்காலிக்கு நேர் எதிரே ஒரு கேமரா. அதில் தெரியும் முகம் மேடைத் திரையில் வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதல் சுற்றுகளில் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். எல்லோருக்கும் ஏழரை போட்டேன். நேபாளம், மலேசியா, வங்கதேசம் எல்லாவற்றுக்கும் ஏழரை. பக்கத்தில் இருந்த எல்ஐசிக்காரர், "ஏனம்மா எல்லாருக்கும் சனி பிடிக்க வைக்கிறீங்க?" என்று காதோடு கேட்டார். சிரித்து வைத்தேன். யாருக்கும் கெட்டது செய்யாமல் இறங்கிப் போய்விட வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் எதுவும் இல்லை.

கடைசிச் சுற்றுக்கு இந்தியாவும் இலங்கையும் வந்தன. இரண்டு அணியும் அதுவரை கிட்டத்தட்டச் சமமாக இருந்தன. அக்காவின் தெருப் பையன் மேடையேறினான். அவன் பெயரைச் சொல்லவே விடவில்லை, அரங்கம் அப்படிக் கத்தியது. ஒல்லியான பையன், குரல் மட்டும் கணீரென்று இருந்தது. தெலுங்கில் ஆரம்பித்தான்.

அவன் அம்மாவைப் பற்றித்தான். விடியற்காலையில் ஈரச் சாக்கை விரித்து உட்கார்ந்து பூக் கட்டுவதைச் சொன்னான். நார் அறுத்து அறுத்து அவள் ஆள்காட்டி விரலில் ஒரு கோடு விழுந்திருக்கிறது, அவள் தடவித் தூங்கவைக்கும்போது அந்தக் கோட்டை என் நெற்றியில் தேடுவேன் என்றான். நான் நிறைய விரல்களைப் பார்க்கிறவள். அந்த விரல் என் முன்னால் வந்து நின்றது. ஆனால் அந்த இடத்தில் யாரோ விசிலடித்தார்கள். பையன் முகம் மாறியது. கூட்டத்தைப் பார்த்துக் கையை வீசினான். விசில் கூடியது. அதன்பிறகு அவன் சொன்னது முழுக்க தேசம், கொடி, நெஞ்சு, ரத்தம், எதிரி. ஒவ்வொரு வரிக்கும் அரங்கம் எழுந்து நின்றது. நான் பூக்காரம்மாவைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வரவே இல்லை. பிள்ளை அவரை அந்தச் சாக்கிலேயே உட்காரவைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டான்.

பலகையைத் தூக்கச் சொன்னார்கள். என் கை ஆறு என்று எழுதியிருந்தது. எழுதும்போது தைரியம், நேர்மை என்றெல்லாம் எதுவும் இல்லை. விரலைக் காட்டிவிட்டுப் பறித்துக்கொண்டானே என்கிற வருத்தம் மட்டும்தான். திரையில் என் முகம் பெரிதாக வந்தது, அதற்குக் கீழே ஆறு. மற்ற நால்வரும் ஒன்பது, ஒன்பதரை. அரங்கம் ஒரே குரலில் ஊளையிட்டது. அப்படி ஒரு சத்தம் என்னை நோக்கி வந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அப்புறம் இலங்கைப் பெண். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள் என்று அறிமுகம் செய்தார்கள். சின்ன உருவம், மைக்கைத் தாழ்த்திக்கொண்டாள். தமிழில் சொன்னாள். அவள் தமிழ் என் தமிழ் இல்லை. ஆனாலும் ஒரு சொல்கூடத் தவறவில்லை.

மழைக்காலத்தில் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்ததும் மகள் உட்கார்ந்து அவள் காலில் இருக்கும் அட்டைகளை எடுப்பதுதான் கவிதை. உப்பு வைத்து எடுக்க வேண்டும். பிடுங்கினால் வாய் உள்ளேயே தங்கிவிடும். எடுத்த பிறகும் ரத்தம் நிற்காது. துணியை வைத்து அழுத்திக்கொண்டே அம்மா அடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்பாள். மகள், 'அம்மா, வலிக்குதா' என்று கேட்பாள். அட்டை கடித்தால் வலிக்காது, அதுதான் அதன் கெட்டிக்காரத்தனம், வலிக்காமல் எடுக்கிறவர்களிடம்தான் நீ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பாள் அம்மா. அவ்வளவுதான். குரலை உயர்த்தவே இல்லை. மூன்று நிமிடத்துக்கு முன்பாகவே முடித்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

அட்டை கடித்த இடத்தில் ரத்தம் ஏன் நிற்காது என்று எனக்குத் தெரியும். லேபில் நாங்கள் ரத்தம் உறையாமலிருக்க மருந்து தடவிய டியூப் வைத்திருக்கிறோம். அட்டைக்கு அந்த மருந்து வாயிலேயே இருக்கிறது. வலிக்காமல் எடுப்பதுதான் என் தொழிலும். உட்கார்ந்த இடத்தில் எனக்குக் கை சில்லிட்டுப் போயிற்று. பத்து என்று எழுதினேன்.

பலகையைத் தூக்கிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. திரையில் மறுபடியும் என் முகம். தெலுங்குப் பிள்ளைக்கு ஆறு போட்ட அதே முகம், தமிழுக்குப் பத்து. பின்னாலிருந்து ஒருவன் தெலுங்கில் கத்தினான், "அரவாவிட!" தமிழுக்கு அங்கே அரவம் என்று பேர், தமிழ்ப் பெண்களை அப்படித்தான் சொல்வார்கள். சந்தையில் கீரைக்காரி சொன்னால் அதில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அது கல் மாதிரி வந்து விழுந்தது. பல குரல்கள் அதைத் திருப்பிச் சொன்னன.

இலங்கை ஜெயித்தது. மிகச் சின்ன வித்தியாசம். தொகுப்பாளர் மைக்கில், "ஒவ்வொருவருக்கும் கிடைத்த மதிப்பெண்களில் அதிகமானதையும் குறைவானதையும் நீக்கிவிட்டுத்தான் கூட்டுகிறோம், இது எல்லா ஸ்லாமிலும் இருக்கிற விதி" என்று இரண்டு தடவை சொன்னார். அந்தக் கூச்சலில் அது எனக்கும் எல்ஐசிக்காரருக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும். நான் போட்ட ஆறும் கணக்கில் இல்லை. நான் போட்ட பத்தும் கணக்கில் இல்லை. மற்றவர்கள் போட்ட எண்களிலேயே கோப்பை இலங்கைக்குப் போய்விட்டது. எழுந்து நின்று அதைக் கத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. பலகையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

தொண்டு வேலைக்கு வந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் என் தோளைத் தொட்டு, "மேடம், இந்தப் பக்கமா வாங்க" என்று பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே விட்டாள். அக்கா அவர் தெருக்காரர்களோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பஸ்ஸில் அவர் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார். லட்டு வாசனையோடு மொட்டைத் தலைகள் ஏறின. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. பாகாலா ரோடு பிரியும் இடத்தில்தான் திரும்பினார்.

"எங்க தெருவுல நான் இனி எப்படிப் போவேன்? நான்தானே உன் கையைத் தூக்கினேன். அந்தப் பையனோட அம்மா அங்க உட்கார்ந்திருந்தாங்க, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அந்த விரல் அந்த அரங்கிலேயே இருந்திருக்கிறது.

"அக்கா, என் நம்பரைக் கணக்குலேயே எடுக்கல."

"கணக்கை யார் கேட்டா?" என்று சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை கணவர் பல் தேய்த்துக்கொண்டே மொபைலோடு சமையலறைக்கு வந்தார். அவர் நகரிக்காரர். தறி ஓட்டுகிற குடும்பம். அவசரமாகப் பேசினால் நகரிப் பேச்சு முழுசாக வரும்.

"இன்னாம்மே இது? எங்க ஃபேக்டரி குரூப்புல நீ வந்துக்கினு கீற."

சின்ன வீடியோ. ஆறு தூக்குகிறேன். வெட்டு. பத்து தூக்குகிறேன். வெட்டு. மேலே தெலுங்கில், 'தெலுங்குப் பிள்ளைக்கு ஆறு, அரவப் பாட்டுக்குப் பத்து. இந்த ஆளு யாரு, எந்த ஊரு, சொல்லுங்க' என்று எழுதியிருந்தது. அட்டை இல்லை, பூ இல்லை, இரண்டு கவிதையுமே இல்லை. என் முகம் மட்டும்தான். பத்து தூக்கும்போது நான் லேசாகச் சிரித்திருக்கிறேன். எதற்குச் சிரித்தேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அந்தச் சிரிப்பை நிறுத்தி, பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்.

கீழே எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டேன். ஒருவன் மட்டும், 'இவங்களைப் பார்த்திருக்கேன், சித்தூர்ல ரத்தம் எடுப்பாங்க' என்று எழுதியிருந்தான். மற்றவர்கள் திட்டியது எதுவும் என்னை அப்படி ஆட்டவில்லை. இந்த ஒரு வரி ஆட்டியது.

"குரூப்புல யாருன்னு தெரியலன்னு போட்டுட்டேன்" என்றார் கணவர். "சூப்பர்வைசர் போன்ல கேட்டாரு, இது உன் வீட்டம்மா மாதிரியே கீதேன்னு. இல்ல சார்னு சொல்லிட்டேன்."

என் கணவர் என்னைத் தன் மனைவி இல்லை என்று சொல்லியிருக்கிறார். கோபம் வர வேண்டும். வரவில்லை. சரியாகத்தான் சொன்னீர்கள் என்றேன்.

லேபுக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டே போனேன். அது எப்படியும் போடுவதுதான், ஆனால் அன்றைக்கு வீட்டிலிருந்தே போட்டேன். பத்து மணிவாக்கில் ரிசப்ஷன் போன் அடித்தது. அக்கா எடுத்தார். கேட்டுவிட்டு, "அப்படி யாரும் இங்க இல்லை" என்று வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை. மறுபடி அடித்தது. மறுபடி வைத்தார்.

லேப் டாக்டர் சாந்தமான மனிதர். குரல் உயர்த்தியே பேசமாட்டார். என்னை அறைக்குக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் நீ உள்ளே மெஷின் பாரும்மா. சேம்பிள் எடுக்கிறதை வேற யாராவது பார்த்துக்கட்டும்" என்றார். போகச் சொல்லவில்லையே என்று நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் பின்னறையில் ரத்தத்தைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் சுற்றும் சத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் யார் வருகிறார்கள் என்று தெரியவில்லை. அது இன்னும் மோசம். ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டிலும் அப்படித்தான். ஒரு சாயங்காலம் எங்கள் வாசலுக்கு எதிரே ஒரு பைக் வந்து நின்றது. இரண்டு பையன்கள். ஒருவன் மொபைலை உயர்த்தி எங்கள் வீட்டுப் பக்கம் பிடித்தான். நான் மகளை இழுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டேன். கணவர் கதவைத் திறந்து வெளியே போனார். போகும்போது கையில் எதையோ எடுத்துக்கொண்டு போனார், பிறகு பார்த்தால் அது தோசைக்கரண்டி. சற்று நேரத்தில் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாடி ரூமு வாடகைக்கு வருதான்னு கேக்க வந்துக்கிறாங்கோ. போர்டைப் போட்டோ எடுத்துக்கினாங்கோ."

பக்கத்து வீட்டு டு-லெட் போர்டு. அவர் சிரிக்கப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைக்க மறந்திருந்தார்.

"கொஞ்ச நாளு நகரிக்குப் போய்க்கினு வந்துடலாம்மே. எங்க அண்ணன் வூட்டுல இருந்துக்கலாம். அங்க பாதிப் பேரு நம்மாளுங்கதான்."

"லீவு போட்டா வேலை போயிடும். இவளுக்கு ஸ்கூல் இருக்கு."

"உசுரு போனா?"

"யாரும் உசுரை எடுக்க வரலீங்க."

அதை நம்பித்தான் சொன்னேனா என்று தெரியாது. அந்த வாரம் முழுக்க யாரும் எங்களை அடிக்கவில்லை, தொடவில்லை, வழிமறிக்கவில்லை. நடந்தது என்று சொல்ல எதுவுமே இல்லை. ஆனாலும் சோறு இறங்கவில்லை.

மகள் எட்டாம் வகுப்பு. ஒருநாள் பள்ளி விட்டு வந்து ஷூவைக் கழற்றாமலே நின்றாள்.

"அம்மா, நாளைக்கு என்னைக் கூட்டிக்கினு போக வந்தா, ஸ்கூல் கேட்டாண்ட தமிழ்ல பேசாதே."

"யாராவது எதனா சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. நீ பேசாதே."

அவள் கேட்பதற்கு முன்பே நான் அதை ஆரம்பித்துவிட்டிருந்தேன் என்பதுதான் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊர் வரதய்யபாளையம் பக்கம். அம்மா தினமும் போன் பண்ணுவார். அதற்கு முன்பெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே உரக்கப் பேசுவேன். அந்த வாரம் அம்மா போன் வந்தால், "வீட்டுக்குப் போய்ப் பேசறேன்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு வைத்தேன். அம்மா குழம்பிப்போய், "இன்னாடி, யார் வூட்டுல கீற?" என்று கேட்டார். சொல்லவில்லை. அவருக்கு வீடியோ போயிருக்கவில்லை.

அந்தப் பையன் ஒரு வீடியோ போட்டான். 'இது ஒரு விளையாட்டு அண்ணா, அவங்களுக்குப் பிடிக்கல, அவ்வளவுதான், விட்டுடுங்க' என்றான். கண் வீங்கியிருந்தது. அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் அதனால் என்னை மறந்திருந்தவர்களும் பழைய வீடியோவைத் தேடிப் பார்த்தார்கள்.

அதற்கு அடுத்த நாள் காலையில் சேம்பிள் எடுக்கிற பெண் வரவில்லை. காய்ச்சல். வரிசையில் வெறும் வயிறுகள் உட்கார்ந்திருந்தன. டாக்டர் இன்னும் வரவில்லை. அக்கா பின்னறைக் கதவைத் திறந்து, அந்த ஒரு வாரத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"வா, எடு."

முதல் நாலைந்து பேர் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, நெற்றியில் நாமம். சர்க்கரைப் பரிசோதனை. நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டே என் கண்ணைப் பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரியும். அதுவே போதுமாயிருந்தது. மடித்த கையை இறக்கிவிட்டார்.

"அந்தம்மாதானே நீங்க? திருப்பதியில?"

நான் ஊசியின் உறையைப் பிரித்தேன். அவர் எழுந்து ரிசப்ஷனுக்குப் போனார்.

"வேற ஆளை எடுக்கச் சொல்லுங்க. இவங்க கையால எடுத்துக்க மாட்டேன்."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். என் காதில் அரங்கத்தின் ஊளை திரும்ப வந்தது. இனி டாக்டர் என்னை வைத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன். அக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

"வேற ஆள் இல்லைங்க. வேற லேப் இருக்கு, ரோட்டுக்கு அந்தப் பக்கம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துடறேன்."

"நீங்க தெலுங்குதானே?"

"தெலுங்குதான். திருப்பதிதான். அந்தப் பையன் எங்க தெரு. இவளை அந்த நாற்காலியில உட்காரவெச்சதே நான்தான். கேக்கறதா இருந்தா என்னைக் கேளுங்க."

அக்காவின் குரல் நடுங்கியது. அவருக்கும் பயம்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் தெருவில் அவர் அம்மா வீட்டுக்கு ஒரு வாரமாக யாரும் வருவதில்லை என்பது பிறகு தெரிந்தது.

அந்த மனிதர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பசி. அவருக்குச் சர்க்கரை வேறு. திரும்பி வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து கையை நீட்டினார். முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டார்.

பட்டையைக் கட்டினேன். முடிச்சு நழுவியது. இத்தனை வருடத்தில் அப்படி நழுவியதில்லை. அவருக்கு நரம்பும் தடிமனாக இல்லை, உள்ளே ஓடியிருந்தது. ஒரு தடவை தவறினால் போதும், வேண்டுமென்றே குத்தினாள் என்று சொல்லிவிடுவார். அந்தச் சொல் வெளியே போகும். அதற்கும் ஒரு வீடியோ வரும். ஊசியைத் தோலில் வைத்துவிட்டு எடுத்தேன். மூச்சு விட்டேன். மறுபடி தடவினேன். வழக்கமாகச் சொல்கிற எறும்புப் பேச்சு வாயில் வரவில்லை. கண்ணை மூடி விரல் நுனியால் தேடி, நரம்பு புரள்கிற இடத்தைப் பிடித்து, கண்ணைத் திறந்து ஊசியை உள்ளே விட்டேன். டியூபில் ரத்தம் ஏறியது. அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை முட்டியது.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "ஏன் ஆறு போட்டீங்க?"

திட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரல்தான்.

"அம்மாவைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சான். பாதியில விட்டுட்டான்" என்றேன்.

பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொன்னேன். மடக்கிக்கொண்டு எழுந்தவர், வாசல்வரை போய் நின்றார்.

"நானும் அங்க இருந்தேன். அந்த விரலைப் பத்திச் சொன்னப்ப விசிலடிச்சது எங்க ஆளுங்கதான்."

போய்விட்டார். நன்றியும் இல்லை, மன்னிப்பும் இல்லை. ரிப்போர்ட் வாங்க மகனை அனுப்பினார்.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எங்கோ ஒரு நடிகர் எதையோ பேசி, எல்லோரும் அந்தப் பக்கம் ஓடிவிட்டார்கள். போன் அடிப்பது நின்றது. டாக்டர் என்னை முன்னறைக்கே வரச் சொல்லிவிட்டார். கணவர் சூப்பர்வைசரிடம், "அன்னைக்குச் சொன்னது பொய் சார், அது என் வூட்டம்மாதான்" என்று தானாகவே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நகரிக்குப் போகவில்லை. அம்மாவோடு பஸ்ஸில் பேசும்போது இன்னும் குரல் தானாகத் தணிகிறது. தணிந்த பிறகுதான் கவனிக்கிறேன். மகளின் பள்ளி வாசலில் இன்றைக்கும் நான் தெலுங்குதான் பேசுகிறேன். அவள் பேசச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருக்கிறது. திட்டியவர்கள் கேட்ட அதே கேள்விதான். தமிழ் என்பதால்தான் பத்து போட்டேனா? இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அட்டைக்காகப் போட்டேன், ரத்தத்துக்காகப் போட்டேன். ஆனால் 'அம்மா, வலிக்குதா' என்பதை அவள் வேறு மொழியில் கேட்டிருந்தால் என் கை சில்லிட்டிருக்குமா?

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அக்காவிடமே இதைச் சொன்னேன். டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஸ்க்ரீன்ல இங்கிலீஷ் ஓடிச்சு, எனக்கு ஒண்ணும் புரியல. அவ என்னதான் சொன்னா? தெலுங்குல சொல்லு பார்க்கலாம்."

சொன்னேன். அட்டைக்கு 'ஜலக' என்றேன். உப்பு வைப்பது, ரத்தம் நிற்காமலிருப்பது, அடுப்பில் என்ன இருக்கிறது என்று அம்மா கேட்பது. இடையிடையே சொல் கிடைக்காமல் தடுமாறினேன். ஞாபகம் இல்லாத இடங்களை நானே இட்டு நிரப்பினேன். கடைசியில் வலிக்காமல் எடுக்கிறவர்களைப் பற்றி அம்மா சொல்வதைச் சொன்னேன். அக்கா சாம்பார் சாதத்தில் கையை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாப்பிடும்போது சொல்ற விஷயமா இது?" என்றார். ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்று விழுங்கினார். "நானா இருந்தா எட்டு போட்டிருப்பேன்."

"எட்டா?"

"எட்டுதான். எங்க பையனுக்கும் எட்டு" என்று சொல்லிவிட்டு, அவர் டப்பாவிலிருந்து ஒரு வடையை எடுத்து என் தட்டில் வைத்தார்.